சுவருக்குள் இருந்த தலைமயிர்

முதலில் அலறியது நான்தான் என்று மாமா இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். முழுப் பொய். அலறியது அவர். நான் அவருடைய அலறலைக் கேட்டுத்தான் அலறினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் தரையில் பதித்த கம்பித்தட்டுகள் வழியாக ஹீற்றரின் சூடான காற்று மேலே வரும். நடைபாதைச் சுவரின் அடியில் இருந்த பெரிய தட்டு, ஆறிய காற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்குள் தூசியைப் பிடிக்கும் பில்ற்றர் ஒன்று இருக்கிறது, குளிர்காலத்துக்குக் குளிர்காலம் மாற்ற வேண்டும் என்று முந்தின சொந்தக்காரர் அப்பாவுக்குச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அப்பா பொறியியலாளர் அல்லவா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரித் தலையாட்டிவிட்டு அதோடு மறந்துபோனார்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகுவார். மெல்பேர்ண் வெயில் பெயருக்குத்தான் வெயில். அதனால் நடைபாதையில் சூடு வரும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, முழங்கால்வரை வரும் கூந்தலை விரித்துக் காயவைப்பார். வகுப்பில் எந்தப் பிள்ளையின் தாய்க்கும் அப்படி ஒரு கூந்தல் இல்லை என்பதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. பிறகு பிறகு, நான் பள்ளிக்கூடத்தால் வருமுன்னரே கொண்டையைப் போட்டு முடித்துவிடுவார். எனக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

அம்மாவுக்கு எந்நேரமும் குளிர். சேலைக்கு மேல் ஸ்வெற்றர், காலில் அப்பாவின் சொக்ஸ். அவர் ஹீற்றரைக் கூட்டுவார், அப்பா குறைப்பார். ஆனால் அந்தக் குளிர்காலம் எவ்வளவு கூட்டியும் வீடு சூடாகவில்லை. ஹீற்றர் இரைந்ததே தவிர, தட்டில் கையை வைத்தால் ஒரு மூச்சுக்காற்றுத்தான் வந்தது. பில்ற்றரை எப்போதாவது மாற்றினீர்களா என்று மாமா கேட்ட பிறகே அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலை போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்தார்.

மாமா ஆணிகளைக் கழற்றி, தட்டை எடுத்து, உள்ளே கையை விட்டு இழுத்தார். கறுப்பாக, தடிப்பாக, கம்பளிபோல ஒன்று வந்தது. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்தது. தலைமயிர். அப்போதுதான் மாமா அலறினார். அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் காற்சட்டையில் தேய்த்தார்.

வீட்டுக்குள் ஒளித்து வைத்த தலைமயிர் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். செய்வினை. எந்த வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்வினை வைக்கப் போகிறான் என்று அப்பா அதட்டினார். அதட்டிக்கொண்டே அவரும் இரண்டடி பின்னுக்குப் போனார். முந்தின சொந்தக்காரர் தனிக்கட்டை, அதுவும் மொட்டைத் தலை. அப்படியானால் இது யாருடையது?

சத்தம் கேட்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா வந்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

"பயப்பிடாதேங்கோ. அது என்ரதான்."

இவ்வளவுமா என்று அப்பா நம்பாமல் சிரித்தார். அம்மா கொண்டை ஊசிகளை உருவினார். கொண்டை கையோடு வந்தது. அது சவுரிமுடி. அதற்குக் கீழே எலிவால்போல ஏதோ கொஞ்சம் தொங்கியது. உச்சியில் தோல் தெரிந்தது. எனக்கு, செய்வினையாகவே இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அப்பா கேட்டார்.

"வருத்தக்காரி, நோய்க்காரி எண்டு தெரிஞ்சா எல்லாரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயந்தனான். உங்கட வேலை, பிள்ளையின்ர படிப்பு, எல்லாம் என்னாலை போகக்கூடாது."

விசாவுக்கு முன் கொழும்பில் எங்களுக்கு நெஞ்சை எக்ஸ்றே படம் பிடித்து, இரத்தம் சோதித்துத்தான் அனுமதி தந்தார்கள். அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை என்றே அம்மா நினைத்திருக்கிறார். மாமா புது பில்ற்றரைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் வீடு சூடானது. அம்மா மட்டும் ஸ்வெற்றரைக் கழற்றவில்லை.

அடுத்த கிழமை டொக்ரரிடம் போனோம். கழுத்தைத் தடவிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். முடிவு கேட்கவும் நானும் கூடப் போனேன். கழுத்திலுள்ள சுரப்பி ஒழுங்காக வேலை செய்யவில்லை, மயிர் கொட்டுவதும் குளிர்வதும் அதனால்தான், தினமும் ஒரு சின்னக் குளிசை போட்டால் போதும் என்றார். அம்மா திக்கித் திக்கிக் கேட்ட கேள்விக்கு, இதற்காக ஒருவரையும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள் என்று சிரித்தார்.

காருக்குள் ஏறியதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சாவியைப் போட்டார், ஆனால் காரை எடுக்கவில்லை. ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவர் அழுது நான் அதுவரை கண்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டொக்ரர் நல்ல செய்தி சொல்லியிருக்கிறார், அம்மா சிரிக்கிறார், இந்த மனுஷனுக்கு என்ன வந்தது?

அம்மா அவருடைய முதுகில் கையை வைத்தபடி இருந்தார். அப்பாவுக்கு டொக்ரரின் இங்கிலீசு விளங்கவில்லை என்று நான் முடிவுகட்டினேன். பின் சீற்றிலிருந்து எட்டி, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, ஒரு குளிசைதான், எங்களை ஒருவரும் அனுப்பமாட்டார்கள் என்று, வீடு வந்து சேரும்வரை அவருக்குத் தமிழில் விளங்கப்படுத்திக்கொண்டே வந்தேன்.