நடுவிரல் மை

தேர்தல் வேலை என்றாலே எனக்கு எரிச்சல். அதுவும் இடைத்தேர்தல், அதுவும் கல்வராயன் மலையில், ரோடே இல்லாத ஊரில் என்றால் கேட்கவே வேண்டாம். நைனார்பாளையத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை, விரலில் மை வைக்கும் வேலைக்குப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஜீப் பாதி மலையில் நின்றுவிட்டது. மீதியை ஓட்டுப்பெட்டியோடு நடந்து ஏறினோம்.

அந்த ஊராட்சித் தலைவர் ஜெயித்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் இறந்துபோனவர். கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கும்போது, எங்கள் ஜீப் நின்ற அதே இடத்தில் உயிர் போயிருக்கிறது. இப்போது அவர் மனைவி நின்றார். ரோடு போட வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. எதிர்த்து நின்றவரோ ரோடு இருக்கிற கீழூர்க்காரர். நாங்கள் போயிருந்த மேலூர் மொத்தமும் வந்து ஓட்டுக் குத்தினால்தான் அந்த அம்மா ஜெயிக்க முடியும்.

காலையில் பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. பனிமூட்டத்தில் முகங்கள் தெரியவில்லை, வேட்டியும் சேலையும்தான் தெரிந்தன. முதலில் வந்த பெரியவர் இடது கையை நீட்டினார். போன தேர்தல் மை ஆள்காட்டி விரல் நகத்தில் இன்னும் போகவில்லை. அதனால் இந்த முறை நடுவிரலில் வைக்கச் சொல்லி உத்தரவு. நடுவிரலைப் பிடித்தேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அந்த வெரலு வாணாம்மா. வேற எதுலனா வைங்க."

"உத்தரவுங்க. சும்மா நீட்டுங்க."

"எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தாம்மா அந்த வெரல்ல கரி வெப்போம். கடசியாப் போனவரு அதப் பாத்துட்டு, நம்ம ஆளுன்னு பேரு சொல்லிக் கூப்புட்டுக்குவாரு. உசுரோட கீறவன் எப்படி வெச்சிக்கினு போறது?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் வரிசை மொத்தமும் பின்வாங்கி, மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டது. வேறு விரலில் வைத்துவிடலாமே என்று தலைமை அலுவலரிடம் கேட்டேன். "நாளைக்கு என் தலையைத்தான் உருட்டுவாங்க டீச்சர்," என்றார். கீழூர்க்காரரின் ஏஜெண்ட் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே அவன் ஆட்கள் மளமளவென்று குத்திக்கொண்டிருப்பார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. உச்சிவேளைவரை பெட்டி காலி.

அப்புறம்தான் அந்த அம்மா வந்தார். மரத்தடிக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நேராக என் மேசைக்கு வந்து இடது கையை நீட்டினார். நடுவிரல் ஏற்கெனவே கறுப்பாக இருந்தது.

ஏஜெண்ட் துள்ளி எழுந்தான். "சார், வெரல்ல மை கீது! எங்கியோ போட்டுட்டு வந்துகீறாங்க, வுடக்கூடாது!"

"மையி இல்லீங்க, கரி. எங்க வூட்டு வெளக்குக் கரி. காலைல நானேதான் வெச்சிக்கினேன்," என்றவர் வாசல் பக்கம் திரும்பினார். "கடசியாப் போனது எங்க வூட்டுக்காரரு. கூப்புட்டா என்னத்தான மொதல்ல கூப்புடுவாரு? உங்களுக்கு இன்னா பயம்? வந்து குத்துங்க."

நான் தலைமை அலுவலரைப் பார்த்தேன்.

"தொடைச்சுப் பாருங்க டீச்சர்," என்றார் தலைமை அலுவலர். "கரின்னா போயிடும்."

என் கைக்குட்டையால் துடைத்தேன். விரல் சில்லென்று இருந்தது. கரி முழுக்கப் போய்விட்டது. ஏஜெண்ட் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அதே இடத்தில் மையை வைத்தேன்.

"இது போவாதுங்களா?"

"சீக்கிரத்துல போகாதும்மா."

"போவ வாணாம்," என்றார்.

மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரை குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார். காலிப்பெட்டியில் அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அந்தப் பெரியவர் வந்து நடுவிரலை நீட்டினார். பின்னாலேயே வரிசை வந்தது. மை வைத்துக்கொண்ட ஒவ்வொருவரும் வெளியே போகுமுன் நின்று, கட்டில் இறங்கிய அந்தப் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சாயங்காலம் பெட்டியோடு இறங்கினோம். ஜீப் நின்ற இடத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன், துடைத்த கரி என் நடுவிரலிலும் ஒட்டியிருந்தது. பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவே இல்லை. பயந்தேன்தான், அதில் என்ன வெட்கம்?

அந்த அம்மா ஜெயித்தார். ரோடும் வந்தது.

சில வருடம் கழித்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நெஞ்சு வலி டீச்சர். அவரு கூப்புட்டாரு. வாசல்ல நின்னுக்கினு, பேரு சொல்லி."

"அய்யோ. அப்புறம்?"

"போயிடலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள நம்ம ரோட்டுல ஆஸ்பத்திரி வண்டி வந்துடுச்சே, இன்னா பண்றது."