தெங்கு மண்டையில் அடித்த வெளிச்சம்

என் அக்காளின் இடுப்பை ஒடித்தது நீர்தான், முதலாளி. உமது பஸ் அவளைத் தொடவில்லை என்று அன்றைக்கு ஊரறியச் சொன்னீர். தொடவில்லைதான். மாட்டுவண்டியோடு அவளுக்குப் பின்னால் வந்தவன் நான், கண்ணால் பார்த்தேன். தொடாமலே ஒடித்தீர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டம் சந்தைக்கு மாட்டுவண்டியில் கயிறு ஏற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வலை கரையேறியதும் அக்காளும் கூடவுள்ள பெண்களும் மீனை ஓலைக் கடவத்தில் நிரப்பித் தலையில் தூக்கி அதே ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். இருட்டுவதற்கு முன் பாதி வழி. மீதி வழி இருட்டில்.

முதலில் வந்த பஸ்களில் கார்பைடு விளக்கு. எதிரே நாலு முழம் தெரிந்தால் பெரிய காரியம். யாருக்கும் உபத்திரவம் இல்லை. பிறகு நீர் பாட்டரி விளக்கு வைத்த புது பஸ் வாங்கினீர். அதே ரோட்டில் இன்னொருவரும் பஸ் விட்டார். போட்டி வந்தது. அப்போதுதான் உமக்கு அந்தப் புத்தி தோன்றியது. விளக்கின் நட்டை இளக்கி மூஞ்சியை வானத்துக்குத் தூக்கி முறுக்கினீர். வெளிச்சம் தென்னை உச்சியில் ஓடும். உள்ளே தோப்பில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்து, பஸ் வருகிறது என்று ரோட்டுக்கு ஓடி வருவார்கள். மற்றவருடைய பஸ்ஸுக்கு ஆள் மிஞ்சாது.

எங்கள் ரோடு ஏற்றமும் இறக்கமுமானது. நீர் இறக்கத்தில் வந்தால் அந்த வெளிச்சம் தென்னைக்குப் போகாது, எதிரே வருகிறவன் முகத்துக்குப் போகும். எனக்காவது குனிய முடியும். தலையில் மீன்கடவம் இருப்பவள் எப்படிக் குனிவாள்? கழுத்தைத் திருப்பினால் கடவம் சரியும். இரண்டு கையும் மேலே. கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுதான் வழி.

அதையும் அவர்கள் சிரிப்பாகவே எடுத்தார்கள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் அக்கா கூவுவாள்: "ஏட்டி, மாப்பிள வாராரு! கண்ண மூடுங்கட்டி!"

"மூஞ்சியக் காட்டாத மாப்பிளய யாருட்டி கெட்டுவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்பாள்.

உமது டிரைவரிடம் நான் சாயாக்கடையில் வைத்தே கேட்டேன். "ஏலே, அந்த லைட்டக் கொஞ்சம் கீழ தாத்தி வைக்கப்பிடாதா? மாடு மிரளுது. பொம்பளையளுக்குக் கண்ணு அவிஞ்சு போவுது."

"நான் என்ன செய்ய மக்கா? வெளிச்சம் தெங்கு மண்டையில அடிக்கணும்னு மொதலாளி சொல்லியாச்சு. நான் தாத்தினா நாளைக்கு நீதான் எனக்குச் சோறு போடணும். போடுவியா?"

சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் விழுந்த அன்று ராத்திரி தூறல். அக்கா முன்னால் ஓடைப்பாலத்தில் ஏறிவிட்டாள். கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம். பஸ் வந்தால் அதில் ஆள் நிற்க இடம் கிடையாது. எதிர் மேட்டில் உமது பஸ் தலையைக் காட்டி இறங்கியது. நனைந்த ரோடு முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்கு வெளியே எல்லாம் ஒரே கருப்பு. ரோட்டு ஓரம் எது, ஓடை எது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடி நின்றால் பஸ் ஏறும். அவள் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் ரோடு இல்லை. கடவம் கல்லில் அடித்த சத்தம்தான் கேட்டது.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கொண்டுபோனேன். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை.

மறுநாள் போலீஸ் பார்க்க வந்தபோது உமது பஸ் சந்தை முக்கில் நின்றது. விளக்கு நல்ல பிள்ளை மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நட்டில் அதைத் திருகிய புதுக் கீறல் மினுங்கியது. காட்டினேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை. டிரைவர் தன் காலைப் பார்த்தான். அப்போதுதான் நீர் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னீர்: "என் பஸ் அவளத் தொடவே இல்ல. கள்ளு குடிச்சிட்டு வந்திருப்பா. மீன்காரிதானே."

சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரமே வெளிச்சம் மறுபடியும் தென்னையில் ஏறிவிட்டது.

அக்கா இரண்டு மழைக்காலம் பாயில் கிடந்தாள். பஸ் போகிறபோதெல்லாம் எங்கள் கூரை ஓட்டையில் வெளிச்சம் வந்து போகும். விழுந்ததைப் பற்றி அவள் பேசியது குறைவு. கள்ளைப் பற்றித்தான் பேசினாள். "நான் குடிச்சேன்னு நீயும் நம்புதியா?" என்று என்னிடமே கேட்டாள். சாகிறதற்கு முந்தின நாளும் கேட்டாள். கள்ளு நாற்றமே பிடிக்காதவள் அவள்.

இப்போது உமக்கு வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறீர். என் வீட்டுக்கு வந்து மெதுவாக எதுவும் சொல்ல வேண்டாம். அவளைக் குடிகாரி என்று சொன்ன அதே சந்தை முக்குக்கு, ஆள் கூடுகிற நேரத்தில் வாரும். அந்த விளக்கைத் தூக்கி வைக்கச் சொன்னது யார், போலீஸ் வரும் முன்னே தாழ்த்தச் சொன்னது யார்? அங்கே நின்று, அன்றைக்குப் போலவே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும்.