தட்டு வேற, உடம்பு வேற

அருளப்பன் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது, ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் தயிர் வாங்கிக்கொண்டிருந்தேன். புராஸ்டேட் புற்றுநோயாம். போனில் சொன்னவரிடம் "வேற யாரையோ சொல்றீங்க" என்று சண்டை போட்டேன். எங்கள் கல்லூரியில் அந்த நோயை ஆராய்ந்தவரே அவர்தானே. தவிர, கல்லூரி வம்பு எதுவும் என்னைத் தாண்டிப் போகாது என்ற கர்வம் எனக்கு. இது மட்டும் தாண்டிப் போயிருக்கிறது.

அவருடைய ஆய்வு உங்களில் பலருக்குத் தெரியும். கண்ணாடித் தட்டில் வளரும் புராஸ்டேட் புற்றுநோய் செல்கள்மேல், கிரீன் டீயிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களை ஊற்றுவார். வளர்ச்சி மட்டுப்படும். இது காதில் விழுந்ததும், ஸ்டாஃப் ரூமில் தலை நரைத்த ஆண்கள் அத்தனை பேரும் கிரீன் டீக்கு மாறினோம். நான் பாலும் சர்க்கரையும் போட்டுக் குடித்தேன். சார் என் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"தமிழய்யா, தட்டு வேற, உடம்பு வேற. தட்டுல நான் நேரா ஊத்துறேன். நீங்க குடிக்கிறது வயிறு, கல்லீரல் எல்லாம் தாண்டி அங்க எவ்வளவு போய்ச் சேரும்? டீயைக் குடிங்க, டாக்டரையும் பாருங்க."

நழுவினேன். விடவில்லை, ஸ்கூட்டரில் ஏற்றித் தில்லை நகருக்கு ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் வீரன் நான். கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்துக்கொண்டாரா என்று கேட்டேன்.

"பார்த்தாச்சுய்யா. எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று, மெயின்கார்டு கேட்டில் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

மேலப்புதூரில் அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் மனைவி சொன்னார்கள். அந்த அல்வாவுக்கு முன்பே அவருக்கு நோய் தெரியுமாம். ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்தும் போகவில்லையாம்.

"விடிஞ்சா அடைஞ்சா அந்தக் கசப்புத் தண்ணிதான் தம்பி, பிளாஸ்க் பிளாஸ்கா. கேட்டா, என் செல்லு என் பேச்சைக் கேக்கும்னுட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்களை நம்பவிடாமல் தடுத்த ஒன்றை, அவர் கதவைச் சாத்திக்கொண்டு நம்பியிருக்கிறார். அன்று கையைப் பிடித்துக்கொண்டது எனக்காகத்தானா என்றுகூட இப்போது சந்தேகம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது 'தட்டு வேற, உடம்பு வேற' என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அடுத்த மாதம் தில்லை நகருக்குத் தனியாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவேன். சார் சொன்னதை இன்னும் நம்புகிறேன். சாரைத்தான் நம்ப முடியவில்லை.