வேர் மேலே பார்த்த செடி

உண்ணிச்செடியின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. எவனோ பூ அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சனியன்! லிங்கராஜபுரத்தில் எங்கள் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே இருந்த திடலில் ஒரு புல் முளைக்க விடவில்லை. புல்விதை தின்னும் சில்லைக் குருவிகளும் போய்விட்டன. அவை திரும்பி வரட்டும் என்றுதான் ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் நாங்கள் சிலர் கடப்பாரையோடு இறங்கினோம்.

சும்மா வெட்டிப் போட்டால் மண்ணைத் தொட்ட இடத்தில் மறுபடி துளிர்க்கும். அதனால் தூரோடு பெயர்த்து, வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைப்போம். திடல் முழுக்க வேர்கள் விரல் விரித்து நிற்கும்.

மதிலோரப் புதர் ஒன்று மட்டும் அடுத்த ஞாயிறு நிமிர்ந்து நின்றது. கவிழ்த்தோம். மறுவாரமும் நிமிர்ந்து நின்றது. அடியில் அணைத்திருந்த மண் ஈரமாக இருந்தது.

"பக்கத்துல கல்லறை. நமக்கெதுக்கு வம்பு, விட்டுடலாம்" என்றார் ஒருவர். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் எந்தப் பேய் தண்ணீர் ஊற்றும்?

ஒரு புதன்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன். காற்றே இல்லை. அந்தப் புதர் மட்டும் அசைந்தது. அதன் பின்னால் மண்டியிட்டிருந்தவர், ஞாயிறுதோறும் எங்களுக்கு ஃபிளாஸ்கில் காபி கொண்டுவரும் அக்கா.

"என்னக்கா இது? நாங்க வெட்ட வெட்ட நீங்களா நட்டு வைக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் கை மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தது, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல.

"செத்துப் பொறந்துச்சும்மா. ஞானஸ்நானம் ஆகலைன்னு அப்போ கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் குடுக்கல. எங்க வீட்டுக்காரர்தான் இங்க கொண்டாந்து பொதச்சாரு. அப்புறம் இந்தச் செடி தானா வந்துச்சு. எனக்கு இதுதான் அடையாளம்." செடியின் தூரில் மண்ணை அணைத்தபடி, "வேர மேல காட்டாதீங்கம்மா. தோண்டி எடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

நானும் குனிந்து மண்ணை அணைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஒருவர் கடப்பாரையோடு அந்தப் புதரிடம் போனார். "அதத் தொடாதீங்க! உள்ள குருவிக்கூடு இருக்கு" என்றேன். காபி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. டம்ளர் நிரம்பி வழிந்தது.

மழைக்குப் பிறகு திடலில் புல் வந்தது, சில்லைகளும் வந்தன. கூடவே அந்தப் புதரைச் சுற்றி உண்ணிக் கன்றுகள் நண்டும் சிண்டுமாக முளைத்தன. விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டு நிற்கையில், அக்காவே குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"எனக்கு இது ஒண்ணு போதும்மா" என்றார்.