அடையாற்றங்கரையில் ஒரு வரைபடம்

விழுப்புரத்திலிருந்து மெட்ராசுக்குப் படிக்க வந்தவன், இன்று சைதாப்பேட்டையில் இறங்கி, அடையாற்றங்கரைக் குடிசைகளை வரைந்துகொண்டிருக்கிறேன். விடுதி நண்பர்களோடு பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடும் கதை விளையாட்டுக்கு ஊரை உருவாக்குவது என் வேலை. ஊர் நிஜமாக இருக்க வேண்டும். கதையில் வெள்ளம் அதைக் கொண்டுபோகும்போது ஆடுபவர்கள் பதற வேண்டும்.

சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வெளியே வருகிறார்.

"கணக்கெடுக்கிறியா நைனா? போன தபா எங்க வூட்ட வுட்டுட்டாங்க. குடிசைய இடிக்க சொல்லோ பேரு இல்லன்னா மாத்து வூடு கெடையாதாம்."

"இல்லைங்கம்மா. இது சும்மா, விளையாட்டுக்கு."

"யார்கிட்ட டபாய்க்கிற? வெயில்ல நின்னுகினு எவனாவது வெளயாட்டுக்கு வரைவானா? ஒயுங்கா போடு. வாசல் ஆத்தப் பாத்தா மாரி கீது பாரு."

மறுபடியும் சொல்கிறேன். அவர் காதில் வாங்கவில்லை. பென்சில் பிடித்தவனைக் கண்டால், எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவும் இப்படித்தான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள்.

"ஏய் லச்சுமி, எல்லாரும் வாங்கடி! எயுதறாரு!"

ஏழெட்டுப் பெண்கள் வந்து, யாரும் சொல்லாமலே வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் தாள் எந்த அலுவலகத்துக்கும் போகாது என்று உரக்கச் சொல்கிறேன்.

"சரிப்பா, மொதல்ல என்னுத போடு" என்கிறார் வரிசையின் முன்னால் நிற்பவர்.