தும்புத்தடியால் நின்ற கார்

விட்பி வட்டப்பாதையில் இன்று என் கார் ஓடியது!

ஒரு முழ நீள மாதிரிக் கார்தான். ஆனால் உண்மையான எஞ்சின், வயதில் எனக்கு மூத்தது. நடுக்கம்பத்தில் கம்பியால் கட்டிவிட்டால் வட்டமாகப் பறக்கும்.

பிரேக் கிடையாது. பாதையைச் சுற்றியுள்ள சுவருக்கு வெளியே ஒருவர் நின்று, அது கடக்கும்போது முதுகில் நீட்டியிருக்கும் சுவிட்சை, வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தட்ட வேண்டும். அந்த வேலையை என் கணவருக்குக் கொடுத்தேன்.

முதல் தடவை தவறவிட்டார்.

"எஞ்சின் எரியப்போகுதப்பா, தட்டுங்கோ!" என்று கத்தினேன்.

அடுத்த சுற்றில் ஒரே தட்டு. உறுமல் அடங்கி, கார் உருண்டு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தீரே? இன்னொருக்கா விடும், நான் தட்டுறன்!" என்றார்.

கலியாணமான நாளிலிருந்து அவர் தும்புத்தடி பிடித்து இன்றுதான் பார்க்கிறேன்.

வீட்டில் சமைக்கிற குசினிக்குள் ஒரு வட்டப்பாதை போட எவ்வளவு காசு முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.