மெற்றில்டா கேட்ட நடிப்புக் கூலி

மன்னார்த் தீவின் கீரிக் கிராமத்தில் மெற்றில்டாவின் வீட்டை விசாரித்தால், "பாஸ் நாடகத்தில மாதாவா வாற மனிசியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். பதினெட்டு வருடம் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, புருஷனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஊர் திரும்பியவள். திரும்பிய இரண்டாம் வருடமே புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்க வேண்டும். போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

போன வருடம் தவக்காலத்தில், யேசுவின் பாடுகளைக் காட்டும் அந்த நாடகத்தில் அவள் அழுததைப் பார்த்துவிட்டு, மன்னார் டவுனிலிருந்து நிதர்சன் என்ற பெடியன் தேடி வந்தான். குறும்படம் எடுக்கிறவன். கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் மனைவியாக அவளை மூன்று நாள் நடிக்க வைத்தான். கிடைத்தது சோத்துப் பார்சலும் ஒரு சான்றிதழும். அந்த மாதம் மூத்தவளின் ரியூசன் காசு கட்டவில்லை.

இந்த வருடம் அவன் மறுபடி வந்தான்.

"அக்கா, இது பெரிய படம். முக்கால்வாசி நீங்கள்தான் வாறியள்."

"எத்தினை நாள்?"

"எட்டு நாள். முன்னம் ரெண்டு நாள் ஒத்திகை."

"அப்ப பத்து நாள். நாளுக்கு என்ன தாறியள் தம்பி?"

நிதர்சன் தலையைச் சொறிந்தான். "கையில காசில்லை அக்கா. எல்லாரும் ஒரு விருப்பத்தில செய்யிறம். வெளிநாட்டு விழாவுக்குப் போனா உங்களுக்குத்தான் பேர்."

"கமராவும் விருப்பத்திலயோ வருது?"

"இல்லை, அது வாடகை."

"வான்?"

"அதுவும்தான்."

"மேல பறக்கிற கமரா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அதுகளுக்கெல்லாம் காசிருக்கு. அழுகிறவளுக்கு மட்டும் பேரோ? போன முறை நான் என்ர மனிசனை நினைச்சு அழுதனான். பிறகு நாலு நாள் வேலையில கை ஓடேல்லை. கூலி தந்தா வாறன். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ."

அவன் போன பிறகும் மெற்றில்டா படலையடியிலேயே நின்றாள். நடிக்க அவளுக்கு அவ்வளவு ஆசை. என்றாலும் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உப்புக்குளத்திலிருந்து பிறின்சி போன் எடுத்தாள். அவளும் கோயில் நாடகங்களில் நடிக்கிறவள்.

"அக்கா, உங்கட பாத்திரத்துக்கு என்னைக் கேக்கினம். நீங்கள் ஏன் விட்டனீங்கள்?"

"சும்மா நடிக்க ஏலாதெண்டு சொன்னனான். நீ விரும்பினாச் செய் பிள்ளை, நான் கோவிக்கமாட்டன்."

"எனக்கும் வீட்டில ரெண்டு பிள்ளையள் அக்கா. அப்ப நானும் மாட்டன்."

அடுத்த கிழமை நிதர்சன் திரும்ப வந்தான். மேலே பறக்கும் கமராவைச் செலவிலிருந்து வெட்டியிருந்தான். வீட்டுக் காட்சிகளை ஒன்றாகச் சேர்த்து எட்டு நாளை ஆறாக்கியிருந்தான்.

"கொம்பனியில எடுக்கிற சம்பளத்தை நாளுக்கு நாள் தாறன் அக்கா. ஒத்திகைக்கும்தான். படம் வித்தா உங்களுக்கும் பங்கு."

"எழுதித் தாங்கோ. கரைக் காட்சியில கூட்டமா நிக்கிற ஆறு பொம்பிளையளுக்கும் சேர்த்து."

"அவையளுக்கு முழுநாள் ஏலாதக்கா."

"அப்ப காலமை மட்டும் எடுத்து, அரைநாள் கூலியைக் குடுங்கோ. மத்தியானம் அவையள் தங்கட வேலைக்குப் போகட்டும்."

"ஓம் அக்கா" என்று அவன் அதையும் எழுதினான். இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

படப்பிடிப்பில் அவள் ஒரு நாளும் பிந்தவில்லை. வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தும் காட்சியை ஒரே தடவையில் முடித்தாள். நிதர்சன் "கட்" சொல்லவே மறந்து நின்றான்.

படத்தை இன்னும் யாரும் வாங்கவில்லை. பங்குக்காசும் வரவில்லை. ஆனால் நாட்கூலி ஒரு நாளும் தவறவில்லை. கரையில் நின்ற ஆறு பெண்களுக்கும் அவளுக்கு முன்னமே கிடைத்தது.

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வேறொரு படக்காரர் கூப்பிட்டார். எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று அவரே முதலில் சொன்னார்.

"நல்லது. இப்ப கதையைச் சொல்லுங்கோ" என்றாள் மெற்றில்டா.